கடலுக்கு இட்ட பூட்டு
போர்க்காலக் கட்டுப்பாடுகளும் மட்டக்களப்புக் கரையும்

கடலுக்கு வேலி இல்லை என்று பெரியோர் சொல்வதுண்டு. வயலுக்கு வரம்பு உண்டு. வளவுக்கு வேலி உண்டு. கடலுக்கு அவை எவையும் இல்லை. ஆயினும் கடலுக்கு வேலியிட்டவர்கள் பலர் வரலாற்றில் உண்டு. முத்திரை பதித்த ஓலையாலும், கோட்டையின் பீரங்கியாலும், ஒழுங்கு விதி என்ற பெயரால் வெளியிட்ட அச்சுத் தாளாலும் அவர்கள் கடலைப் பூட்டினார்கள். அப்பூட்டுகளிற் பல நம் மட்டக்களப்பு முகத்துவாரத்தின் வாயிலிலேயே இடப்பட்டவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பள்ளியில் நாம் கடற்போர் வரலாறு படித்தோம். திரபல்காரில் நெல்சன் பெற்ற வெற்றி நமக்கு மனப்பாடம். ஆனால் நாவலடிக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்கு எட்டாத் தூரத்தில், கடலடியில் ஒரு பெருங்கப்பல் 1942ஆம் ஆண்டு முதல் கிடக்கின்றது என்பதும், அது ஏன் அங்கே வந்தது என்பதும் நாம் படித்த பாடத்தில் இருக்கவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். போர்க்காலங்களில் கரையோரக் கப்பல்களுக்கும் வள்ளங்களுக்கும் விதிக்கப்பட்ட தடைகள் எவை, அவற்றை விதித்தோர் யார், அவற்றின் சுமை யார் தலையில் விழுந்தது என்ற மூன்று வினாக்களுக்கும் நம் ஊரை நடுவாக வைத்து விடை காண முயல்வோம்.

ஓலை இன்றி ஓடாதே

இந்துமாக்கடலுக்கு முதன்முதலிற் பூட்டுப் போட முயன்றவர் போர்த்துக்கேயரே. அராபியரும் குசராத்தியரும் தமிழரும் மலையாளக் கரையாரும் காலங்காலமாகச் சுதந்திரமாய்ப் பாய்விரித்து ஓடிய கடலில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே 'கர்த்தாஸ்' என்னும் அனுமதி ஓலை ஒன்றை அவர்கள் புகுத்தினார்கள். அவ்வோலையைப் பணங் கொடுத்துப் பெறாத கப்பல் பகைக் கப்பலாகக் கருதப்பட்டது. சரக்கோடு பறிமுதல் செய்யப்பட்டது. ஓலை பெற்ற கப்பலும் தான் விரும்பிய துறைக்கு நேரே போய்விட முடியாது. போர்த்துக்கேயர் ஆண்ட துறையில் ஒதுங்கித் தீர்வை செலுத்திய பின்னரே அப்பாற் செல்லலாம். பிறர் கடலில் தாம் காவல் நின்று, அக்காவலுக்குக் கூலியும் அவரிடமே வாங்கிய விந்தை இது!

மட்டக்களப்பு அக்காலத்தில் கண்டி அரசனுக்குக் கடல்வாயிலாக விளங்கியது. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கடற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் வந்து நங்கூரமிட்டது இக்கரையிலேதான். அவர் இங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். அவருக்குப் பின் வந்த செபால்ட் டீ வேர்ட், தாம் கைப்பற்றிய போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தோரை விடுவித்தார். மன்னன் அதனாற் சினங்கொள்ள, 1603இல் மட்டக்களப்பில் அவரும் அவருடன் வந்தோர் பலரும் கொல்லப்பட்டனர். நம் கரைக்கு அப்பால் எந்தக் கப்பல் பிடிபடலாம், எந்தக் கப்பல் தப்பலாம் என்பது அக்காலத்திலேயே உயிர்போகும் வினாவாக இருந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்வாயிலை அடைக்க எண்ணிய போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பெரிய கப்பல் வாவிக்குள் நுழைய இயலாது. முகத்துவாரத்து மணல்மேடு அதற்கு இடந்தராது. எனவே சரக்கெல்லாம் வெளியே நிற்கும் கப்பலிலிருந்து தோணிகளில் இறக்கப்பட்டு வாவி வழியாகவே உள்ளே வர வேண்டும். வாவியின் கழுத்தில் ஒரு கோட்டை இருந்தாற் போதும். படுவான்கரை வரையில் எல்லா வணிகமும் அதன் பிடியில் அகப்படும். மட்டக்களப்புக் கோட்டை உருவிற் சிறிதாயினும் அதன் இருப்பிடம் எத்துணைக் கூர்மையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி, இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஐந்து நாட்களின் பின், 23ஆந் திகதி, கடற்றலைவர் வெஸ்டர்வோல்டுக்கும் மன்னனுக்கும் இடையில் ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தானது. போர்த்துக்கேயரை விரட்ட உதவும் கைம்மாறாக நாட்டின் கடல்வணிகம் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. பிற ஐரோப்பியரோடு வாணிகஞ் செய்வதும் தடுக்கப்பட்டது. கைப்பற்றும் கோட்டைகளிற் காவற்படை வைப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற சொற்றொடர் ஒரு படியில் இருந்தது, மற்றொரு படியில் இல்லை என்பது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டிய செய்தி. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனை இன்றும் பழமொழியாக வழங்குவர்.

நண்பராக வந்தவர் காவலராகி, காவலர் பூட்டுப் போடுபவர் ஆயினர். 1665இல் திருகோணமலையையும் 1668இல் மட்டக்களப்பையும் ஒல்லாந்தர் தம் படையால் நிரப்பினர். கண்டி இராச்சியத்தின் கிழக்குத் துறைகளை அடைத்து, மன்னனை வழிக்குக் கொண்டுவருதல் அவர்கள் கருத்து. உப்பும் கருவாடும் புடைவையும் கரையிலிருந்து மாட்டுத் தவளங்களில் மலைநாட்டுக்கு ஏறிய காலம் அது. கடல்வாயிலை அடைத்தால் அரசன் பணிவான் என எண்ணினார்கள். அரசன் எளிதிற் பணியவில்லை. உப்புக்குத் தவித்தவர் எளிய குடிமக்களே. கடலைப் பூட்டுபவர் அரசனைக் குறிவைப்பர். அம்பு போய்த் தைப்பதோ அடுக்களையில். இவ்வுண்மை பின்வரும் ஒவ்வொரு காலத்திலும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

எம்டன் தந்த அச்சம்

நிற்க. முதலாம் உலகப் போருக்கு வருவோம். துணிவும் தந்திரமும் மிக்க ஒருவனை 'அவன் ஓர் எம்டன்' என்று நம் வீட்டு முதியோர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். அச்சொல்லைத் தமிழுக்குத் தந்தது ஒரு செருமானியப் போர்க்கப்பல். 1914 செப்டெம்பரில் வங்காள விரிகுடாவிற் புகுந்த எம்டன், வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து மூழ்கடித்தது. அம்மாதம் 22ஆந் திகதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்தது. அதன்பின் இலங்கைக்கு அப்பாலும் வேட்டையாடியது. நவம்பர் 9ஆந் திகதி கொக்கோசுத் தீவுகளின் அருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதனை அழிக்கும் வரையில் அவ்வச்சம் ஓயவில்லை.

அவ்வொரு கப்பலின் அச்சத்தால் வங்காள விரிகுடாவிற் கப்பலோட்டம் நின்றது. துறைகளில் அரிசியும் சணலும் தேயிலையும் தேங்கின. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. எம்டன் பிடித்த கப்பல்கள் ஏறத்தாழ இரண்டு டசின். அதன் பெயரைக் கேட்டே துறையில் அடங்கிக் கிடந்த கப்பல்களோ அதனினும் மிகப் பல. கடலைப் பூட்ட ஒரு பெருங்கடற்படை வேண்டியதில்லை, அச்சம் ஒன்றே போதும் என்பது அன்று தெளிவாயிற்று.

இலங்கைக்கு இது மிகக் கொடிய பாடம். நம் தீவு தேயிலையும் இறப்பரும் விளைத்து ஏற்றுமதி செய்து, அப்பணத்தில் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி வாங்கி உண்டது. உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி கப்பலேறி வந்தது. கப்பல் நின்றால் உலை கொதிக்காது. எனினும் பாடம் மறக்கப்பட்டது. 28 ஆண்டுகளின் பின் அது மீண்டும் படிக்கப்பட்டது.

1942: கீழ்கரையிற் போர்

1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரித்தானியப் பேரரசின் துறைகள் எங்கும் கப்பல்களுக்குப் புதிய கட்டுப்பாடுகள் வந்தன. அவை எவ்வாறு நடைபெற்றன என்பதை அறிதல் நன்று. வணிகக் கப்பலின் பயணவழியைக் கப்பற்றலைவன் தானே தெரிய முடியாது. கடற்படை அதிகாரி முத்திரையிட்டுத் தரும் வழியிலேயே செல்ல வேண்டும். கப்பலின் பக்கங்களுக்குச் சாம்பல் நிறம் பூசப்பட்டது. இரவில் விளக்கு வெளியே தெரியலாகாது. கம்பியில்லாத் தந்தியில் வீண்பேச்சு கூடாது. இருபக்கமும் மாறி மாறி வளைந்தோடி நீர்மூழ்கியின் குறியைத் தவறச் செய்ய வேண்டும். காவலுள்ள துறைமுகத்தை அணுகும் எந்தக் கப்பலும் வெளியே நின்று, சோதனைக் கப்பலின் கேள்விகளுக்கு விடை சொல்லி, அன்றைய அடையாளத்தைக் காட்டிய பின்னரே உள்ளே புகலாம். தவறினால் கரைப்பீரங்கி பேசும். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலில் இரும்பு வலைத் தடையும் இருந்தது. கரையிலோ ஊரெங்கும் இருட்டடிப்பு.

1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8ஆந் திகதி இரங்கூன் வீழ்ந்தது. இரங்கூன் வீழ்ந்த அன்றே இலங்கையின் அரிசிப்பானையில் ஓட்டை விழுந்தது என்று சொல்லலாம். அவ்வாண்டு மார்ச்சில் கடற்படைத் தளபதி ஜெப்ரி லேய்ட்டன் இலங்கையின் பிரதம சேனாதிபதியாகி, படைக்கும் குடியாட்சிக்கும் மேலான அதிகாரம் பெற்றார். ஏப்பிரில் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சோல், யப்பானியக் கடற்படை தீவை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் சிறைப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. டோர்செற்சயர், கோண்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் தெற்குக் கடலில் மூழ்கின. அவற்றோடு 424 பேர் மாண்டனர்.

அடுத்தது திருகோணமலை என்பது தெரிந்ததே. ஆகவே 8ஆந் திகதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. கரையை ஒட்டியே தெற்கு நோக்கிச் செல்க, விடியுமுன் துறைமுகத்தை விட்டுத் தொலைவில் நிற்க, அபாயம் நீங்கியபின் திரும்பி வருக என்பதே கட்டளை. அவ்வாறு சென்றவற்றுள் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் ஒன்று. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதற் கப்பல் என்ற பெயர் அதற்குண்டு. 1924இல் சேவையில் இறங்கிய அக்கப்பலில் அன்று ஒரு விமானங்கூட இருக்கவில்லை. அவை கரையிலே விடப்பட்டிருந்தன. வாளில்லா உறைபோல அது சென்றது. துணைக்கு வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் உடன்சென்றது.

9ஆந் திகதி காலை திருகோணமலை மேல் குண்டுகள் விழுந்தன. அதே காலையில் யப்பானிய வேவு விமானம் ஒன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிசைக் கண்டுவிட்டது. விமானப் பாதுகாப்பின் கீழ் வருமாறு திருகோணமலைக்குத் திரும்பும்படி கப்பலுக்குக் கட்டளை வந்தது. ஆயினும் முற்பகல் பத்தரை மணியளவில் எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அதன்மேற் பாய்ந்தன. ஏறக்குறைய நாற்பது குண்டுகள் தைத்தன. இருபது நிமிடங்களுள் கப்பல் மூழ்கியது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதனோடு மாண்டனர். வம்பயர் அடுத்து மூழ்கியது. 9 பேர் இறந்தனர். ஹொலிஹொக் என்னும் சிறு காவற்கப்பல் 53 உயிர்களோடு போயிற்று. அத்தெல்ஸ்தான், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல்களும் நம் கரைக்கடலிலே முடிந்தன. தரையிலிருந்து புறப்பட்ட பிரித்தானியச் சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹேர்மிஸ் நீர்மேல் இல்லை. அவ்வழியே சென்ற வைத்தியக் கப்பலான வீற்றா, நீரில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது. வெள்ளை வண்ணமும் சிலுவையும் கொண்ட அக்கப்பலை யப்பானிய விமானிகள் தொடவில்லை என்பதையும் நாம் நேர்மையோடு சொல்ல வேண்டும்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கப்பலைத் துறைக்குள் வைத்தால் அழியும் என்று வெளியே அனுப்பினார்கள். கரையை ஒட்டி ஓடச் சொன்னார்கள். மீண்டும் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டளையும் அவ்வந்த நேரத்தில் அறிவுடையதாகவே தோன்றியது. ஆனால் வானத்திற் காவல் இல்லாதபோது கரையோர நீர் புகலிடம் ஆகாது. கட்டளை தன்னளவிற் கேடயம் அன்று என்பதை மட்டக்களப்புக் கடல் உலகுக்குக் காட்டியது.

வேலியே பயிரை மேய்ந்தது

அதே ஏப்பிரிலின் முதல் வாரத்தில் யப்பானியரின் மற்றொரு படை வங்காள விரிகுடாவில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. பிரித்தானியக் கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்காவின் கீழ்கரையிலுள்ள கிலிண்டினிக்கு ஒதுங்கியது. விரிகுடா பூட்டப்பட்டது.

இலங்கையில் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கூப்பன் என்ற சொல் ஒவ்வொரு வீட்டிலும் புகுந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. பாண் தின்னும் பழக்கம் ஊர்ப்புறம் வரை பரவியது. மரவள்ளி நடுமாறு அரசு ஊக்கியது. உள்ளூர் நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்யும் திட்டமும் வந்தது. நெல்விளையும் மட்டக்களப்பு நாட்டுக்கு இதன் பொருள் என்ன? தன் களத்துப் பொலியைத் தானே வைத்து உண்ணும் உரிமையும் கப்பல் வராமையினால் எல்லைப்பட்டது என்பதே. கடலிற் போட்ட பூட்டு வயலையும் பூட்டியது! போர் 1945இல் ஓய்ந்தும் கூப்பன் ஓயவில்லை. பங்கீட்டு அரிசியின் விலையேற்றம் 1953 ஆகஸ்டில் நாடளாவிய ஹர்த்தாலாக வெடித்ததை மூத்தோர் அறிவர்.

எனினும் நாம் பட்டினியால் மடியவில்லை. வங்காளத்தின் கதையோ வேறு. யப்பானியர் கரையிறங்கினால் அவர்கள் கையில் வள்ளம் அகப்படலாகாது என்று, 1942இல் அங்கு ஆண்ட அரசு, கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய வள்ளங்களையெல்லாம் பறித்தது, பலவற்றை அழித்தது. அவ்வாறு போன வள்ளங்கள் ஏறத்தாழ 45,000 என்பர். ஆறும் கழியுமே பாதையான நாட்டில் வள்ளம் போனால் என்ன மிஞ்சும்? மீனவன் கடலுக்குப் போகவில்லை. குயவன் களிமண் கொண்டுவரவில்லை. உழவன் ஆற்றிடைத் திட்டிலுள்ள தன் வயலுக்கே போக இயலவில்லை. பர்மா அரிசி நின்றமை, 1942 ஒக்டோபர்ப் புயல், விலையேற்றம், ஆட்சியின் அசட்டை ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்து 1943இன் பெரும் பஞ்சம் வந்தது. அரசின் விசாரணைக் குழுவே 15 இலட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை சொல்வர். பகைவனுக்கு எதிராக இட்ட வேலி பயிரையே மேய்ந்துவிட்டது. வாராத பகைவனுக்கு வள்ளத்தை மறுத்தனர். இருந்த குடிமகனுக்குச் சோற்றை மறுத்ததாயிற்று.

சட்டம் என்ன சொல்கின்றது?

போர் என்றால் சட்டம் வாய்மூடிவிடும் என்று சிலர் நினைப்பர். மீனவனைப் பொறுத்தவரை அது சரியன்று. 1403ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மன்னன் நாலாம் ஹென்றி, பகைநாட்டு மீனவரைத் துன்புறுத்தலாகாது என்று தன் கடற்றலைவருக்குக் கட்டளை அனுப்பினான். 1898இல் கியூபாக் கரையில் அமெரிக்கக் கடற்படை இரு மீன்பிடி வள்ளங்களைப் பிடித்து விற்றது. வள்ளக்காரர் வழக்கிட்டனர். 1900 சனவரியில் அமெரிக்க உயர்நீதிமன்றம், கரையோரம் மீன்பிடிக்கும் ஏழை வள்ளத்தைப் போரிற் பிடித்தல் நாடுகளின் நெடுநாள் வழக்குக்கு மாறு என்று தீர்ப்பளித்தது. வல்லரசு ஒன்று இரு மீன்பிடி வள்ளங்களுக்கு முன் தலைகுனிந்த அரிய காட்சி அது! 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை அவ்வழக்கை எழுத்தில் வடித்தது: கரையோர மீன்பிடி வள்ளமும், உள்ளூர்ச் சிறு வணிகத் தோணியும் போரிற் கலந்துகொள்ளாத வரையிற் பிடிக்கப்படலாகா.

ஆனால் உற்று நோக்கினால் இச்சட்டத்தின் குறை புலனாகும். அது பகைவனின் கையிலிருந்து மீனவனைக் காக்கின்றது. மீனவனைத் தன் சொந்த அரசு கரையில் நிறுத்தும்போது அச்சட்டம் துணைக்கு வருவதில்லை. வங்காளத்து வள்ளங்களைப் பறித்தது பகைவன் அன்று. நம் காலத்து மட்டக்களப்பு மீனவனை நிறுத்தியதும் அந்நியன் அன்று.

நம் காலத்துப் பூட்டு

இவ்விடத்தில் நாம் அண்மைக் காலத்துக்கு வந்துவிடுகின்றோம். 1980கள் தொடக்கம் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலே வடக்குக் கிழக்குக் கடல் மீண்டும் பூட்டப்பட்டது. இரவில் மீன்பிடிக்கத் தடை, செல்லும் தூரத்துக்கு எல்லை, இயந்திரத்தின் வலுவுக்கு எல்லை, கையில் அனுமதிச் சீட்டு, கரையில் சோதனை. ஐந்து நூற்றாண்டுக்கு முந்திய கர்த்தாஸ் ஓலை வேறு உருவில் திரும்பி வந்ததோ என எண்ணத் தோன்றும். படைமுகாம்களுக்கும் கடற்புலிகளுக்கும் இடையே கடல் பிரிந்துநின்றது. நடுவில் நின்றவன் வலையோடு நின்றவன்.

நம் வாவியும் அவ்வாறே எல்லைக்கோடு ஆயிற்று. எழுவான்கரை ஒருவர் கையில். படுவான்கரை மற்றவர் கையில். பொழுது எழும் கரைக்கும் பொழுது படும் கரைக்கும் இடையிலான சிறுதூரம், மண்முனைத் துறை போன்ற இடங்களிற் சோதனைச் சாவடியாகி நின்றது. எரிபொருளும் பசளையும் மின்கலமும் ஐயத்துக்குரிய பொருள்களாயின. நெல்லும் பாலும் மறுகரையில். சந்தையும் வைத்தியசாலையும் இக்கரையில். நாள்தோறும் இதைக் கடந்த தாய்மாரும் பள்ளிப்பிள்ளைகளும் இன்றும் நம் நடுவில் உள்ளனர்.

2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை எடுத்துப் படித்தால் மீன்பிடிக்கென்றே ஒரு பிரிவு அதிலிருப்பதைக் காணலாம். 90 நாட்களுக்குள் பகலும் இரவும் மீன்பிடிக்கும் தடைகள் படிப்படியாக நீக்கப்பட வேண்டும். ஆயினும் கரையிலுள்ள படைமுகாமின் இருபுறமும் 1 கடல்மைல், கடல்நோக்கி 2 கடல்மைல் தூரத்துக்குள்ளும், துறைமுகங்கள், அவற்றை அணுகும் வழிகள், குடாக்கள், கழிமுகங்கள் ஆகியவற்றிலும் மீன்பிடித்தல் ஆகாது என்பது அதன் சாரம். ஆயுதந் தாங்கிய இருசாரார் போரை நிறுத்த எழுதிய தாளில் மீனவனின் வலைக்கும் இடம் வைக்க வேண்டியிருந்தது எனின், அத்தடை எத்துணைப் பெரிய துன்பமாக இருந்திருக்க வேண்டும்! அவ்வுடன்படிக்கை நிலைக்கவில்லை, போர் மீண்டும் மூண்டது, 2007இல் கிழக்கிலும் 2009இல் நாடு முழுவதிலும் ஓய்ந்தது. தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

நாம் தெளியும் உண்மை

போர்க்காலத்தில் எந்தத் தடையும் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. இருட்டடிப்பு பல உயிர்களைக் காத்தது. சோதனைக் கப்பலின்றித் துறைமுகம் நிலைத்திராது. கடல்வழியே ஆயுதம் வருமென்று அஞ்சும் அரசு கடலைத் திறந்து விட்டுவிடாது. ஆயின் நாம் கண்ட வரலாறு மூன்று அளவுகோல்களைத் தருகின்றது.

ஒன்று, தடைக்கு முடிவுநாள் இருக்க வேண்டும். முடிவு சொல்லாத தடை பழக்கமாகிப் பின் உரிமைபோல் நின்றுவிடும். போர்த்துக்கேயர் தொடங்கிய ஓலை முறையை ஒல்லாந்தரும் தொடர்ந்தமை இதற்குச் சான்று. இரண்டு, தடுப்பவன் சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். 1942இன் இலங்கை பங்கீட்டை நடத்தித் தப்பியது; வங்காளத்தை ஆண்டோர் வள்ளத்தைப் பறித்துவிட்டு உணவை மறந்தனர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இலட்சக்கணக்கான உயிர். மூன்று, தடைபற்றி முடிவெடுக்கும் மேசையிற் கரையோர மக்களுக்கும் ஓரிடம் வேண்டும். காற்றையும் நீரோட்டத்தையும் முகத்துவாரம் திறக்கும் பருவத்தையும் அறிந்தவன் அவனே. எந்தத் தடை காக்கும், எது வீணே வருத்தும் என்பதைச் சொல்ல வல்லவனும் அவனே.

இளைஞர்காள்! ஹேர்மிஸ் இன்று ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் பவளமும் மீனும் குடியேறிய வீடாகக் கிடக்கின்றது. உலகின் பல பாகத்திலிருந்தும் சுழியோடிகள் அதனைக் காண வருகின்றனர். அதில் மாண்டோரின் பெயர்கள் அவர்கள் நாட்டிற் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. மண்முனைத் துறையிலே 2014இல் திறந்த பாலம் யப்பானிய மக்களின் உதவியால் எழுந்தது. அன்று குண்டு வீசிய நாடு இன்று இரு கரைகளை இணைத்திருக்கின்றது. பகை நிலையானதன்று என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

ஆனால் இரவில் வலைவீச முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்த நம் ஊர் மீனவரின் ஆண்டுகள் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் கையிலிருந்த அனுமதிச் சீட்டுகள் பல வீடுகளின் பெட்டிகளில் மஞ்சளாகி உக்கிக்கொண்டிருக்கின்றன. கூப்பன் காலத்தைச் சிறுவராய்க் கண்டவர்கள் தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள். ஆதலால் நம் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு முதியவரிடமேனும் சென்று, ஒரு குறிப்பேட்டில் அவர் சொல்லுவதை ஆண்டோடும் இடத்தோடும் எழுதிவைக்குமாறு வேண்டுகின்றோம். எந்தத் துறை, எந்தத் தடை, எவ்வளவு காலம், அன்று வீட்டில் என்ன உண்டார்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். பெரியோர்களே, நீங்களும் மனமுவந்து சொல்லுங்கள். சீட்டுகளையும் பழைய வள்ளப் பதிவுத் தாள்களையும் எறிந்துவிடாதீர்கள். சங்கத்தின் நூலகத்துக்குத் தாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளிவருமாயின், நம் கரையின் வரலாற்றை நம் கரையாரே எழுதத் தொடங்கிவிட்டனர் என்று நாம் மகிழலாம்.